டிஜிட்டல் புகைப்படங்களிலிருந்து நல்ல அச்சுப்படங்கள் பெறும் முறை

நெல் வயலைப் பார்வையிடச் சென்ற களப்பணியாளர் ஒருவர், இலைகளில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றியிருத்தலைக் கண்டு, தம் கைப்பேசியிலுள்ள காமிராவினால் அவற்றைப் படமெடுக்கின்றார். கைப்பேசியின் திரையில் படம் தெளிவாகவே தோன்றுகின்றது. அதனை வாட்ஸ்அப் வாயிலாக அலுவலகத்திற்கு அனுப்புகின்றார். அங்கு அது சாதாரணக் காகிதத்தில் அச்சிடப்பெற்று, அறிக்கையுடன் இணைக்கப்பெற்று, பயிர்நோய் வல்லுநரின் மேசையை அடைகின்றது. வல்லுநர் காண்பது யாது? கரும்பச்சைப் பரப்பு ஒன்றில் மங்கிய கறைகள் சில, அவ்வளவே. நூற்கதிர் போல் இருமுனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட புள்ளியாயின் அது குலைநோய் எனக் கருதலாம். எள் விதையின் வடிவில், பழுப்பாகவும் சுற்றிலும் மஞ்சள் வளையம் உடையதாகவும் இருப்பின் அது பழுப்புப்புள்ளி நோயாகலாம். தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்ட வயலில் முன்னது கடுமையாகும். சத்துக் குறைந்த நிலத்தில் பின்னது பெருகும். ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், உழவருக்குக் கூறப்படும் உர யோசனை நேர்மாறாகிவிடும். அந்த அச்சுப்படத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாது.

இத்தகைய நேர்வுகளில் பழி அச்சுப்பொறியின்மேல் சுமத்தப்படுவது வழக்கம். அச்சுப்பொறியோ தன்னிடம் கொடுக்கப்பட்ட விவரங்களையே காகிதத்தில் இடுகின்றது. படத்தில் இல்லாத விவரத்தை எந்த அச்சுப்பொறியாலும், எத்துணை விலையுயர்ந்த காகிதத்தாலும் உண்டாக்க முடியாது. படம் எடுக்கும்பொழுது எத்துணை விவரம் பதிவாயிற்று என்பதையும், வழியில் அது எங்கெங்கே குறைந்தது என்பதையும் அறிந்துகொண்டால் நல்ல அச்சுப்படம் பெறுதல் எளிதாகும்.

டிஜிட்டல் காமிராவில் ஒளி விழும் பரப்பு, வரிசை வரிசையாக அமைந்த நுண்ணிய உணர்விகளால் ஆனது. ஒவ்வோர் உணர்வியும் தன்மேல் விழும் ஒளியின் அளவை எண்ணாகப் பதிவு செய்கின்றது. இவ்வெண்களிலிருந்து உருவாகும் புள்ளிகளே பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளாம். நீளவாக்கில் 4000 புள்ளிகளும் அகலவாக்கில் 3000 புள்ளிகளும் கொண்ட படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. இதனையே 12 மெகாபிக்சல் என்பர். கைப்பேசி விளம்பரங்களில் 50 என்றும் 108 என்றும் காணப்படும் எண்களைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. அத்தகைய கைப்பேசிகள் பலவற்றில், பல உணர்விகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவிலேயே படத்தைப் பதிவு செய்யும்படி அமைப்பு உள்ளது. பெரும்பாலான பணிகளுக்கு அவ்வளவு போதும்.

இப்புள்ளிகள் துணியின் இழைகளைப் போன்றவை. குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள இழைகளைக் கொண்டு குறுகிய துணி நெய்தால் நெருக்கமாக இருக்கும். அதே இழைகளை அகன்ற துணிக்குப் பரப்பினால் சல்லடைத் துணியாகும். அவ்வாறே 4000 புள்ளிகளை 13 அங்குல நீளத்தில் பரப்பினால் அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிகளும், 40 அங்குலத்தில் பரப்பினால் 100 புள்ளிகளும் அமையும். படக்கோப்பின் விவரங்களில் “72” என்றோ “300” என்றோ ஓர் எண் குறிக்கப்பட்டிருத்தலைக் கண்டு, முன்னது தரம் குறைந்தது, பின்னது தரம் மிக்கது என்று கொள்வாரும் உளர். அவ்வெண் வெறும் குறிப்பேயாகும். அதனை மாற்றி எழுதுவதனால் புள்ளி ஒன்றும் கூடப் போவதில்லை; நோக்க வேண்டியது புள்ளிகளின் மொத்த எண்ணிக்கையே.

அங்குலத்திற்கு 300 என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? மனிதக் கண்ணின் ஆற்றலிலிருந்து வந்தது. குறையற்ற கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவு விலகியிருக்கும் இரு புள்ளிகளைத் தனித்தனியே காண இயலும். கையில் பிடித்துப் படிக்கும் தொலைவாகிய 10 அங்குலத்தில் இது அங்குலத்திற்கு ஏறத்தாழ 350 புள்ளிகளாகின்றது. ஆகவே கையில் வைத்து நோக்கும் படத்திற்கு 300 புள்ளிகள் இருந்தால் குறை தோன்றாது. தொலைவு கூடக் கூட இத்தேவை குறையும். ஒரு மீட்டர் தொலைவில் 90 புள்ளிகளும், மூன்று மீட்டர் தொலைவில் 30 புள்ளிகளுமே கண்ணுக்குப் போதும்.

இக்கணக்கு ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படும். பள்ளிச் சுவரில் மாட்டுவதற்கென ஒரு பூவின் படத்தை ஏ2 அளவில், அஃதாவது 16½ அங்குல அகலமும் 23½ அங்குல நீளமுமாக அச்சிட விரும்பும் ஆசிரியர், 12 மெகாபிக்சல் படம் அதற்குப் போதாது என அஞ்சலாம். அப்படம் அந்த அளவில் அங்குலத்திற்கு 170 புள்ளிகளைத் தரும். இரண்டடிக்கு அப்பால் நிற்கும் மாணவரின் கண்ணுக்கு அது மிகத் தெளிவாகவே இருக்கும். மாறாக, 4×6 அங்குலச் சிறு படத்தைக் கையில் வைத்து நோக்குவதாயின் அதற்கு 1200×1800 புள்ளிகள், அஃதாவது ஏறத்தாழ 22 லட்சம் புள்ளிகள் வேண்டும். ஏ4 அளவு முழுவதற்கும் 87 லட்சம் வேண்டும்.

புள்ளிகளின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தாலும், அவை நாம் காண விரும்பும் பொருளின்மேல் விழுந்துள்ளனவா என்பது வேறு கேள்வி. மேற்கூறிய நெல் இலைக்கே திரும்புவோம். ஒரு மீட்டர் அகலமுள்ள பயிர்ப்பரப்பு முழுவதும் படத்தில் அடங்கும்படி எடுத்திருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு படப்புள்ளிகளே கிடைத்திருக்கும். மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள நோய்ப்புள்ளி பன்னிரண்டு படப்புள்ளிகளில் அடங்கிவிடும். அதன் நடுவிலுள்ள சாம்பல் நிறத்திற்கு இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தால் பெரிது. அதே இலையை நெருங்கி, 20 சென்டிமீட்டர் பரப்பு மட்டுமே அடங்கும்படி எடுத்திருந்தால் அந்நோய்ப்புள்ளிக்கு அறுபது படப்புள்ளிகள் கிடைத்திருக்கும். வடிவமும் வளையமும் ஐயமின்றித் தெரிந்திருக்கும். திரையை விரல்களால் விரித்துப் பெரிதாக்குதல் பல கைப்பேசிகளில் நெருங்கிச் செல்வதற்கு ஈடாகாது. உள்ள புள்ளிகளில் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் பெருக்கிக் காட்டுவதே அங்கு நிகழ்கின்றது. கால்களால் நடந்து நெருங்குதலே சிறந்தது. ஆயினும் மிக நெருங்கினால் வில்லை குவியாது படம் கலங்கும். ஆதலின் எடுத்த உடனே திரையில் பெரிதாக்கிப் பார்த்து, விளிம்புகள் கூர்மையாக உள்ளனவா எனச் சோதித்த பின்னரே வயலை விட்டு நீங்க வேண்டும். காற்றில் ஆடும் இலையை ஒரு கையால் பற்றிக்கொள்வது நன்று. சட்டைப் பையில் கிடந்த கைப்பேசியின் வில்லையில் வியர்வையும் தூசியும் படிந்திருக்கும். மெல்லிய துணியால் அதனைத் துடைக்க ஐந்து நொடிகள் போதும். இதைச் செய்யாததால் கெட்ட படங்கள் எண்ணற்றவை. படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலையோ, ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்தால் பின்னர் அளவு அறிய உதவும்.

இனி, வழியில் நேரும் இழப்பைக் காண்போம். பிலிம் சுருள் வழங்கிய நாட்களில் எதிர்ப்படமே மூலப்பொருளாக விளங்கியது. 1960-இல் நிறுவப்பெற்ற மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்தில் ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம்களைச் செய்து நாடெங்கும் வழங்கிவந்தது. அந்நிறுவனம் இன்று இயங்கவில்லை. அக்காலத்துப் புகைப்படப் பிரிவுகளில் எதிர்ப்படங்களை எண்ணிட்டு, உறையிலிட்டு, பூட்டி வைப்பார்கள். அச்சுப்படம் கெட்டாலும் எதிர்ப்படத்திலிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ளலாம் என்பதே காரணம். இன்று காமிராவில் முதன்முதல் பதிவாகும் கோப்பே அந்த எதிர்ப்படத்தின் இடத்தைப் பெறுகின்றது. ஆனால் அதனைப் போற்றும் பழக்கம் மட்டும் பிலிமோடு மறைந்துவிட்டது போலும்.

செய்திச் செயலிகள் படத்தை விரைவில் அனுப்பும்பொருட்டு அதனைச் சுருக்குகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகக் குறைக்கப்படுகின்றது. 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளாக இருந்தது 19 லட்சமாகிவிடுகின்றது. ஆறில் ஐந்து பங்கு போயிற்று. எஞ்சியது 4×6 அளவுக்கு ஓரளவு பொருந்தும். ஏ4 தாளில் அங்குலத்திற்கு 137 புள்ளிகளே நிற்கும். இது மட்டுமன்று. ஜேபெக் என்னும் முறையில் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய வேறுபாடுகள் கைவிடப்படுகின்றன. சுருக்கம் மிகுந்தால் இக்கட்டங்கள் அச்சுப்படத்தில் வெளிப்படையாகவே தெரியும். ஒருவர் மற்றொருவர்க்குச் சேமித்துச் சேமித்து அனுப்பும்பொழுதும், திருத்தித் திருத்திச் சேமிக்கும்பொழுதும் இழப்பு மேலும் கூடலாம். படம் எடுக்கப்பட்ட நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகள் மூலக்கோப்பினுள்ளே பதிந்திருப்பவை. அவையும் இவ்வாறு அனுப்பும்பொழுது நீங்கிவிடுகின்றன. பயிர்ச்சேத மதிப்பீட்டிற்காக எடுக்கப்பட்ட படமாயின் இவ்விழப்பு சிறியதன்று.

இதற்குப் பரிகாரம் எளிது. அதே செயலியில் படத்தை ‘ஆவணம்’ என்னும் பிரிவின்வழி இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமல் போய்ச் சேரும். 2023-இல் வந்த உயர்தரம் என்னும் தெரிவு இழப்பைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை. மின்னஞ்சலில் இணைத்தோ, நினைவுக்குச்சியில் படியெடுத்தோ கொடுக்கலாம். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புதல் அறவே தவிர்க்கத்தக்கது. திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அவை மட்டுமே அதில் பதியும். சில கைப்பேசிகள் ஹெய்க் என்னும் வகையில் படத்தைச் சேமிக்கின்றன. அச்சுக்கடைகள் எல்லாவற்றிலும் அது திறப்பதில்லையாதலால், காமிரா அமைப்பில் ஜேபெக் வகையை முன்னரே தேர்ந்துகொள்வது நலம்.

விவரத்தை விட நுட்பமானது நிறம். அதிலும் களப்பணிக்கு நிறமே பெரும்பாலும் முடிவு சொல்லும் சான்றாகும். தழைச்சத்துக் குறையின் அறிகுறி இலை வெளிறுதலாம். நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா இடும் காலத்தைத் தீர்மானிப்பதற்கென்றே இலை வண்ண அட்டை வழங்குகின்றது. மஞ்சள் கலந்த இளம்பச்சை முதல் கரும்பச்சை வரை அடுத்தடுத்து அமைந்த பட்டைகளின் வேறுபாடு மிகச் சிறியது. அச்சிடுவதில் நேரும் பிழை அவ்வேறுபாட்டை எளிதில் விஞ்சிவிடும்.

காமிரா நிறத்தை உள்ளவாறே பதிவு செய்வதில்லை. நிழலில் ஒளி நீலம் பாய்ந்தும், மாலையில் செம்மை பாய்ந்தும், மரத்தடியில் பச்சை பாய்ந்தும் இருக்கும். நம் கண்ணும் மூளையும் இதனைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. காமிராவும் அவ்வாறு செய்ய முயல்கின்றது. இம்முயற்சிக்கு வெண்மைச் சமன் என்று பெயர். படத்திலுள்ள நிறங்கள் அனைத்தையும் கூட்டிச் சராசரி கண்டால் அது சாம்பல் நிறத்தை ஒட்டியிருக்கும் என்னும் ஊகம் இத்தகைய கணக்குகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றது. வீடும் வானமும் மக்களும் கலந்த காட்சிக்கு இவ்வூகம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் படம் முழுவதும் மஞ்சளித்த இலைகளே நிறைந்திருந்தால், இக்கணக்கு அம்மஞ்சளை ஒளியின் குற்றமாகக் கருதி அதனைக் குறைத்துவிடக்கூடும். நோய்ப்பட்ட வயல் படத்தில் நலமுற்றுத் தோன்றும்! அச்சுக்கடையிலுள்ள இயந்திரமும் தன் பங்குக்கு இதே வகைத் திருத்தத்தை மீண்டும் ஒருமுறை செய்வதுண்டு. போதாக்குறைக்கு, காட்சியை அழகாக்கும் பொருட்டுப் புல்லையும் பயிரையும் மேலும் பச்சையாக்கும் அமைப்புகள் பல கைப்பேசிகளில் உள்ளன. திருமணப் படத்திற்கு நன்மை செய்யும் இத்திருத்தங்கள் பயிர்ப் படத்திற்குத் தீங்கு செய்கின்றன.

ஆகவே களப்பணியாளர் முதலில் காமிராவின் அழகூட்டும் அமைப்புகளை நிறுத்திவிட வேண்டும். அடுத்து, படத்தின் ஒரு மூலையில் நிறம் அறிந்த ஒரு பொருள் அடங்கும்படி எடுக்க வேண்டும். புகைப்படக் கலைஞர் பயன்படுத்தும் சாம்பல் நிற அட்டை இதற்கு மிகப் பொருத்தமானது. அது கிடைக்காவிடில் வெள்ளைத்தாளும் உதவும். ஆயினும் எழுதும் காகிதத்தில் வெண்மையை மிகுவிக்கச் சேர்க்கப்படும் பொருளால் வெயிலில் அது சற்று நீலமாகத் தோன்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இலை வண்ண அட்டையையே இலையருகில் வைத்து எடுப்பின் இன்னும் நன்று. அச்சுப்படத்தில் நிறம் எவ்வாறு பிறழ்ந்தாலும் இலையும் அட்டையும் ஏறக்குறைய ஒருசேரவே பிறழும். அவற்றிடையேயுள்ள ஒப்புமையைக் காண்பவர் அறிந்துகொள்ளலாம். அட்டையை இலையின்மேல் விழும் ஒளியிலேயே, அதே நிழலிலேயே வைத்தல் இன்றியமையாதது. அச்சுக்கடையில் “தானியங்கித் திருத்தம் வேண்டா” என்று சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கேட்பவர் மிகச் சிலரேயாதலால், சொன்னதைக் கோப்பின் பெயரிலும் எழுதிவிடுவது பாதுகாப்பானது.

திரையில் கண்டது போல் அச்சுப்படம் ஒளிரவில்லை என்னும் குறை யாவராலும் சொல்லப்படுவது. இதற்கு இயற்கையான காரணம் உண்டு. திரை தானே ஒளியை உமிழ்கின்றது. காகிதமோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகின்றது. திரையின் மிக்க வெண்மைக்கும் மிக்க கருமைக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் ஆகும். நல்ல பளபளப்புக் காகிதத்தில் அது நூறு மடங்கை ஒட்டியது. அலுவலகத்துச் சாதாரணக் காகிதத்தில் அதனினும் மிகக் குறைவு. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகள் கூடி நிறம் உண்டாகின்றது. அச்சில் நீலப்பச்சை, செங்கருநீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள் ஒளியை விழுங்கி நிறத்தை உண்டாக்குகின்றன. திரை காட்டும் சில ஒளிமிக்க பச்சைகளை மைகளின் கலப்பால் எட்டவே முடியாது.

இருந்தபோதிலும் படம் கறுத்து வருதலைப் பெரும்பாலும் தடுக்கலாம். கைப்பேசியின் திரை வெயிலில் தெரிவதற்காக மிகுந்த ஒளியுடன் வைக்கப்பட்டிருக்கும்; அவ்வொளியில் இருண்ட படமும் நல்லதாகவே தோன்றும். குழல் விளக்கின் அடியிலோ சன்னல் அருகிலோ அமர்ந்து, வெள்ளைத்தாள் ஒன்றைத் திரையின் பக்கத்தில் பிடித்து, திரையிலுள்ள வெண்மை தாளின் வெண்மைக்கு ஒப்பாகும்வரை திரையின் ஒளியைக் குறைக்க வேண்டும். அந்நிலையில் படம் இருண்டு தோன்றினால் அச்சிலும் இருண்டே வரும். அதற்கேற்ப மூலக்கோப்பின் படியொன்றில் ஒளியைக் கூட்டிய பின்னர் அச்சிட வேண்டும். படிகள் பல எடுக்க வேண்டுமாயின் முதலில் சிறிய அளவில் ஒன்றை அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

அலுவலகங்களில் கறுப்பு வெள்ளை அச்சுப்பொறிகளே மிகுதி. பச்சை இலையும் பழுப்புப் புள்ளியும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியுடையனவாயின், கறுப்பு வெள்ளையில் அவை ஒரே சாம்பலாகி ஒன்றாய்க் கலந்துவிடும். நோய்க்குறி காட்டும் படங்களை அவ்வாறு அச்சிட்டு அறிக்கையில் சேர்ப்பதைவிடச் சேர்க்காதிருத்தல் நன்று.

மை தெளிக்கும் அச்சுப்பொறியில் அச்சிடுவோர் காகிதத்தின் பூச்சுள்ள பக்கத்தை அறிந்து வைக்க வேண்டும். இட்டிருக்கும் காகிதத்தின் வகையை அமைப்பிலும் குறிப்பிட வேண்டும். புகைப்படக் காகிதத்தை இட்டுவிட்டு அமைப்பில் சாதாரணக் காகிதம் என விட்டுவிட்டால், மையின் அளவு பொருந்தாமல் நிறம் கெடும். நல்ல காகிதம் வாங்கியும் படம் நன்றாக வரவில்லை என்போர் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே. படத்தில் மெல்லிய கோடுகள் ஓடினால் மைத்துளைகள் அடைபட்டுள்ளன என்று பொருள். நகரங்களிலுள்ள புகைப்பட நிலையங்கள் பலவற்றில் வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தின்மேல் ஒளிபாய்ச்சி, ரசாயனத்தில் கழுவும் முறை இன்றும் உண்டு. 4×6 படம் ஒன்றிரண்டு எடுப்பதாயின் இம்முறையில் செலவும் குறைவு, நிறமும் சீர்.

அளவைத் தேர்வதில் ஒரு சிறு சூழ்ச்சி உண்டு. கைப்பேசிப் படத்தின் நீள அகலங்கள் பொதுவாக நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் உள்ளவை. 4×6 காகிதமோ மூன்றுக்கு இரண்டு. ஆறு அங்குல நீளத்தை நிரப்பினால் படத்தின் அகலம் நாலரை அங்குலமாகும். மிஞ்சிய அரை அங்குலம் வெட்டுண்ணும். ஓரத்தில் வைத்த அளவுகோலும் வண்ண அட்டையும் வெட்டுண்டு போவது இவ்வாறே. வகுப்புப் படங்களில் ஓரத்து வரிசை மாணவரின் தலையும் போயிருக்கும். 6×8 அளவில் விகிதம் சரியாகப் பொருந்துவதால் ஒன்றும் வெட்டுப்படாது. 4×6 அளவே வேண்டுமாயின், இருபுறமும் வெள்ளை விளிம்பு விட்டு முழுப்படத்தையும் அச்சிடும்படி கேட்கலாம். அவ்விளிம்பில் நாள், ஊர், பயிர், படத்தின் எண் ஆகியவற்றை அழியாத மையால் எழுதவும் இடம் கிடைக்கும். பின்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறம் வடுத் தோன்றும்.

சாயமையால் அச்சான படங்கள் நீர் பட்டால் கரையும்; வெயில் படும் சுவரில் விரைவில் வெளிறும். நிறமித்துகள் கொண்ட மை இவ்விரண்டையும் நன்கு தாங்கும். கண்ணாடிச் சட்டத்தில் இடும்பொழுது படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடையில் அட்டை விளிம்பு வைத்தல் வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் கிழியாமல் பிரித்தெடுத்தல் அரிது.